அகத்திருந்து அரணழித்தல்

கண்ணாடிக் குழாயொன்றில் தெளிந்த ஊன்சாற்றை ஊற்றி, அதனுட் சில பாக்டீரியங்களை இட்டு, நம் உடற்சூட்டின் அளவில் வைத்திருப்போமாயின், சில மணி நேரத்தில் அச்சாறு நீர்மோர் போலக் கலங்கிவிடும். கலங்குதற்குக் காரணம், ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்து கோடிக்கணக்காய்ப் பெருகிய அந்நுண்ணுயிர்களேயாம். இனி, அக்குழாயினுள் ஒருவகை வைரஸ் கலந்த நீரிற் சிறு துளி விடுவோமாயின், வியக்கத்தக்க மாறுதலைக் காண்போம். சில மணி நேரத்திற்குள் கலக்கம் நீங்கிச் சாறு முன்போலவே தெளிந்து நிற்கும். நாம் அதனை வடிகட்டினோமில்லை, காய்ச்சினோமில்லை, வண்டல் அடியிற் படியவுமில்லை. கோடிக்கணக்கான அவ்வுயிர்கள் யாண்டுச் சென்றன? அவை உடைந்து நீரோடு நீராயின என்பதே விடை. எவ்வாறு உடைந்தன என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழிலக்கியம் பயிலும் ஒருவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நம் முன்னோர் அரணை முற்றுகையிட்டு அழித்தலை உழிஞை என்றும், அதனைக் காத்தலை நொச்சி என்றும் பகுத்து இலக்கணம் வகுத்தனர். அவ்விரண்டினும் அழிப்போன் புறத்தே நிற்பான். காப்போன் அகத்தே நிற்பான். இங்கோ, பகைவன் முன்னரே கோட்டையினுள் அமர்ந்துவிட்டான், அரசியலையும் கைப்பற்றிக்கொண்டான், தன் படையைப் பெருக்கியும் விட்டான். இனி அவன் வேண்டுவது வெளியேறும் வழியொன்றே. அகத்திருந்து அரணழிக்கும் இப்போருக்கு நம் புறப்பொருள் நூலார் திணை வகுத்திலர். அப்புதுமையே என்னை இப்பொருளின்பால் ஈர்த்தது.

பாக்டீரியங்கள் இங்ஙனம் கரைந்துபோதலை முதலிற் கண்டு எழுதியவர் லண்டனில் ஆராய்ச்சி புரிந்த பிரெடெரிக் ட்வார்ட் என்பார். 1915-ஆம் ஆண்டில், தாம் வளர்த்த நுண்ணுயிர்த் திட்டுகள் சில பளிங்கு போல ஒளி ஊடுருவும் தன்மை அடைந்து அழிதலையும், அவ்வழிவு ஒன்றினின்று மற்றொன்றிற்குத் தொற்றுதலையும் அவர் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1917-இல், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்திலிருந்த ஃபெலிக்ஸ் டெரெல் என்பார், சீதபேதியை உண்டாக்கும் கிருமிகளிடத்து இதனையே தனித்துக் கண்டு, கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஒட்டுண்ணியே இதற்குக் காரணம் எனத் துணிந்து, அதற்குப் ‘பாக்டீரியோபேஜ்’ என்று பெயரிட்டார். ‘பேஜ்’ என்பது உண்ணுதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. பெயர் நிலைத்துவிட்டது, நாமும் பேஜ் என்றே வழங்குவோம். ஆயினும் பொருள் நோக்கின் அப்பெயர் பொருத்தமுடையதன்று. இவ்வைரஸ் பாக்டீரியத்தை உண்பதில்லை. அதற்கு வாயுமில்லை, வயிறுமில்லை. அது புகுகிறது, பெருகுகிறது, உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது.

டெரெலின் கொள்கையை அக்காலத்து அறிஞர் பலர் ஏற்றிலர். 1919-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசினைப் பெற்றவரும், பெல்ஜிய நாட்டுப் பேரறிஞருமாகிய ஜூல் போர்தே, ஒட்டுண்ணி என ஒன்றில்லை, பாக்டீரியம் தன்னுள்ளே தோன்றிய பொருளொன்றினால் தானே கரைந்துபோகிறது என்றார். இவ்வழக்குப் பல்லாண்டு நடந்தது. 1940-ஆம் ஆண்டில் ஹெல்முட் ருஸ்கா என்னும் ஜெர்மானியர், புதிதாகத் தோன்றிய எலக்ட்ரான் நுண்பெருக்கியின் துணையால் எடுத்த பேஜ்களின் படங்களை வெளியிட்டார். பாக்டீரியத்தின் புறத்தே சிறு துகள்கள் மொய்த்துக்கொண்டிருத்தலை அனைவரும் கண்ணாரக் கண்டனர். ஒட்டுண்ணி உண்டென்ற அளவில் வெற்றி டெரெலுக்கே. ஆயினும், பாக்டீரியமே தன்னைக் கரைக்கும் பொருளை ஆக்குகிறது என்ற போர்தேயின் கூற்றிலும் ஒரு பாதி உண்மை மறைந்திருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிற்க. உடைக்கப்படும் அரண் எத்தன்மைத்து என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். நம் குடலில் வாழும் எஷெரிக்கியா கோலி என்னும் பாக்டீரியத்தையே எடுத்துக்கொள்வோம். பேஜ்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி இதனிடத்து ஆராய்ந்து அறிந்தவையே. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினை மைக்ரான் என்பர். கோலி ஏறத்தாழ 2 மைக்ரான் நீளமும் 1 மைக்ரானிற் சற்றுக் குறைந்த அகலமும் உடைய சிறு கோல் வடிவினது. இதற்கு மதில்கள் மூன்று. உட்புறத்தே கொழுப்பாலாகிய மெல்லிய உட்சவ்வு. அதன் புறத்தே மியூரீன் என்னும் வலை. அதற்கும் புறத்தே மற்றுமொரு சவ்வு. இம்மூன்றனுள் நடுவே நிற்கும் மியூரீன் வலையே உயிருக்கு உருவம் தருவது. சர்க்கரை இனத்துப் பொருள்கள் இரண்டு மாறி மாறிக் கோத்த நீண்ட இழைகளும், அவ்விழைகளைக் குறுக்கே பிணைக்கும் சிறு புரதக் கண்ணிகளும் சேர்ந்து, தையலில்லாத ஒரே பையாக இது பாக்டீரியம் முழுவதையும் போர்த்திருக்கிறது.

இவ்வலை இல்லையேல் என்னாகும்? பாக்டீரியத்தின் உள்ளே உப்பும் புரதமும் பிறவும் செறிந்து கிடத்தலின், புறத்தே உள்ள நீர் எப்போதும் உள்ளே புக முயலும்; அதனால் உள்ளிருந்து ஓர் அழுத்தம் ஓயாது வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கால்பந்தினை நினைக்க. உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை காற்றினால் விம்மி வெடித்துவிடாது தடுப்பது மேலேயுள்ள தோலுறையன்றோ? தோலில் ஓரிடத்தைக் கிழித்துவிட்டால், ரப்பர்ப் பை அவ்வழியே பிதுங்கி வெடிக்கும். உட்சவ்வு ரப்பர்ப் பை; மியூரீன் தோலுறை. எனவே, அரணழிக்கக் கருதும் வைரஸ் தோலுறையைத் தாக்கியாதல் வேண்டும்.

பேஜ் உள்ளே புகுதலைப் பற்றிச் சுருங்கக் கூறுதும். டி4 என்னும் பேஜிற்குத் தலையும் வாலும் கால் போன்ற நார்களும் உண்டு. அது பாக்டீரியத்தின்மேல் வந்தமர்ந்து, வாலின் நுனியிலுள்ள நொதியால் மியூரீன் வலையிற் சிறு துளையிட்டு, தன் தலையினுள் அடக்கி வைத்திருந்த டி.என்.ஏ. இழையினை உள்ளே செலுத்துகிறது. உடல் புறத்தே நின்றுவிடுகிறது. இவ்வாறு உள்ளே செல்வது பெரும்பாலும் டி.என்.ஏ.யே அன்றிப் புரதம் அன்று என்பதை 1952-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் மெய்ப்பித்தனர். ஒரே பாக்டீரியத்தின்மேல் அளவிறந்த பேஜ்கள் ஒருங்கே வந்து துளையிட்டால், பெருக்கம் நிகழ்வதற்கு முன்னரே அது உடைந்துபோதலும் உண்டு. இதனை 1940-ஆம் ஆண்டில் மாக்ஸ் டெல்புரூக் வேறு பிரித்துக் காட்டி, புறத்திருந்து உடைதல், அகத்திருந்து உடைதல் என இருவகைப்படுத்தினார். முன்னது உழிஞைக்கு ஒப்பாகும். பேஜிற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மக்கட்பேறின்றி அழியும் அழிவு அது. நாம் ஆராய்வது பின்னதையே.

உள்ளே சென்ற டி.என்.ஏ. பாக்டீரியத்தின் தொழிற்கருவிகளைத் தன் பணிக்கு ஆட்படுத்தி, தலைகளும் வால்களும் செய்வித்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தச் செய்கிறது. சிறிது நேரத்தில் உள்ளே புதுப் பேஜ்கள் நிறைகின்றன. அதன்பின் யாது நிகழும்? ‘பேஜ்கள் மிக மிகப் பெருகி இடம் போதாமையால் பாக்டீரியம் விம்மி வெடித்துவிடும்’ என்பதே பலரும் மேலோட்டமாகச் சொல்லும் விடை. மூட்டையில் அளவுக்கு மீறி நெல்லைத் திணித்தால் சாக்குக் கிழிவது போல என்று நாமும் எளிதில் நம்பிவிடுகிறோம். இவ்விடை பிழையானது. இதனை மறுக்கும் சான்று லாம்டா என்னும் பேஜினிடத்திற் கிடைத்தது.

லாம்டாவின் மரபணுக்களுள் எஸ் என்பது ஒன்று. அம்மரபணு பழுதுபட்ட லாம்டா, பாக்டீரியத்தினுள் வழக்கம்போற் பெருகுகிறது. ஆனால் உரிய நேரம் வந்தும் பாக்டீரியம் உடைவதில்லை. உரிய நேரம் கடந்து நெடுநேரம் சென்ற பின்னும் பேஜ்கள் உள்ளே குவிந்துகொண்டே இருக்கின்றன. வழக்கமாக வெளிவரும் 100-க்கும் பன்மடங்கு மிகுதியாய்க் குவிந்தும் சாக்குக் கிழியவில்லை! அப்போது அக்குழாயினுட் குளோரோபாரம் சிறிது விட்டால், எல்லாம் நொடிப்பொழுதில் உடைந்து பேஜ்கள் வெளிப்படுகின்றன. ஆகவே, உடைதல் என்பது பெருக்கத்தின் விளைவாகத் தானே நேர்வதன்று. அதற்கெனத் தனியே கருவி உண்டு, அக்கருவியை இயக்கும் காலமும் உண்டு என்பது பெறப்படும். குளோரோபாரம் செய்தது யாது என்பதிலேயே இப்புதிரின் திறவுகோல் உளது.

மியூரீன் இழைகளை அறுக்கும் பொருளொன்றினை உலகம் முன்னரே அறிந்திருந்தது. 1922-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங், மனிதரின் மூக்குநீரிலும் கண்ணீரிலும் முட்டையின் வெண்கருவிலும் பாக்டீரியங்களைக் கரைக்கும் நொதி ஒன்று இருத்தலை வெளியிட்டு, அதற்கு லைசோசைம் எனப் பெயரிட்டார். அதே தொழிலைச் செய்யும் நொதி ஒன்றினை டி4 பேஜும் ஆக்குகிறது, லாம்டாவும் ஆக்குகிறது. லாம்டாவினது ஆர் என்னும் மரபணுவிலிருந்து பிறப்பது. இழையை அறுக்கும் முறையில் இரண்டற்கும் சிறிது வேற்றுமை உண்டு. அது நமக்கு வேண்டுவதன்று. இத்தகைய நொதிகளை எண்டோலைசின் என்பர். இங்குப் போர்தேயை நினைவு கூர்தல் வேண்டும். இந்நொதியைச் செய்து குவிப்பது பேஜ் அன்று. பேஜின் ஆணையால் பாக்டீரியமே செய்து குவிக்கிறது. தன் மதிலை இடிக்கும் கடப்பாரையைத் தானே அடித்து வைக்கும் கொல்லன் போன்றது அதன் நிலை.

ஆனால் ஒரு தடை. எண்டோலைசின் உட்சவ்வுக்கு உள்ளே பிறந்து அங்கேயே தங்குகிறது. அது அறுக்கவேண்டிய மியூரீனோ உட்சவ்வுக்குப் புறத்தே உளது. கத்தி வீட்டினுள்ளும் கயிறு தெருவிலும் கிடக்க, கதவும் பூட்டியிருந்தால் கயிற்றை அறுப்பது எங்ஙனம்? குளோரோபாரம் உட்சவ்வினைச் சிதைத்துக் கதவைத் திறந்துவிட்டது, கத்தி புறத்தே போந்தது, மியூரீன் அறுந்தது. குளோரோபாரம் இல்லாத இடத்து அக்கதவைத் திறக்கும் தொழில் எஸ் மரபணுவினுடையது. அதிற் பிறக்கும் சிறு புரதத்திற்கு ஹோலின் என்று பெயர். துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்றும் ஆக்கியது. நாம் துளைப்பி எனலாம்.

இத்துளைப்பியின் செயலே இப்பொருள் முழுவதிலும் என் உள்ளத்தை மிகக் கவர்ந்தது. உட்சவ்வில் அது ஒன்றன்பின் ஒன்றாய்ச் சென்று பதிகிறது. பதிந்தவை நூற்றுக்கணக்காயின பின்னும் பாக்டீரியத்திற்கு ஊறு யாதும் இல்லை. அது மூச்சுவிடுகிறது, வளர்கிறது, பேஜ்களைச் செய்துகொண்டே இருக்கிறது. பகைவர் மதிலடியில் மருந்து நிறைத்து வைத்திருத்தலை அறியாத நகர மாந்தர் போல அதன் வாழ்வு இடையறாது செல்கிறது. பின்னர், குறித்ததொரு கணத்தில், சவ்விற் சிதறிக்கிடந்த துளைப்பிகள் ஒருங்கு திரண்டு சவ்வினைப் பிளக்கின்றன. சவ்வு சிறிது சிறிதாகக் கசிந்து பழுதாவதன்று. அதுகாறும் முழுமை, அதன்பின் அழிவு. லாம்டாவின் துளைகள் சராசரியாக 340 நானோமீட்டர் அகலமுடையன என்று அளந்துள்ளனர். ஒரு நானோமீட்டர் மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்காம். எண்டோலைசின் வெளியேறுவதற்கு வேண்டிய அளவினும் இது எத்தனையோ மடங்கு பெரிது. துளைகளோ ஒன்று அல்லது மிகச் சில. அவற்றின் வழியே எண்டோலைசின் பாய்ந்து சென்று மியூரீனை அறுக்க, சில நொடிகளில் அரண் தளர்கிறது. லாம்டாவிற்கு இவ்வளவும் நிகழச் சுமார் 50 நிமிடம் ஆகும்.

அக்கணத்தைக் குறிப்பது எது? துளைப்பியின் உடலிலேயே கடிகாரம் அமைந்துள்ளது என்று கூறுதல் பொருந்தும். துளைப்பியின் அமினோ அமிலங்களுள் ஒன்றை மாற்றியமைத்தாலும் நேரம் மாறிவிடுகிறது. ஒரு மாற்றத்தால் வெகு முன்னரே துளை விழும். மற்றொன்றால் மிகப் பிந்தி விழும். வேறொன்றால் ஒருபோதும் விழாது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. எஸ் மரபணுவிலிருந்து ஒரு புரதமன்று, இரண்டு பிறக்கின்றன. ஒன்று 105 அமினோ அமிலங்களை உடையது. மற்றொன்று முன்னே இரண்டு மிகுந்து 107 உடையது. குறுகியது துளைப்பி, நீண்டது துளைப்பியைத் தடுக்கும் எதிரி! நீதி என்னும் சொல்லுக்கு முன்னே ஓரெழுத்துச் சேர, அநீதி ஆகிப் பொருள் தலைகீழாகிறதன்றோ? அதனை ஒத்தது இது. துளைப்பி இரண்டுக்குத் தடுப்பி ஒன்று என்னும் அளவிற் பிறந்து, தடுப்பிகள் துளைப்பிகளைப் பற்றிக்கொண்டு நேரத்தை நீட்டிக்கின்றன. பாக்டீரியத்தின் உட்சவ்வில் இருபுறமும் மின்னழுத்த வேற்றுமை உண்டு; சயனைடு போன்ற நஞ்சினால் அவ்வேற்றுமை சரிந்துபோனால், தடுப்பியும் துளைப்பியாக மாறிக் குறித்த நேரத்திற்கு முன்னரே துளை விழுந்துவிடும். வீடு இடியப் போகிறதென்றால் ஆன மட்டில் எடுத்துக்கொண்டு வெளியேறுதல் போல்வது அது.

மூன்றாவது மதில் எஞ்சியுள்ளது. மியூரீன் அறுந்தபின் உள்ளழுத்தமே வெளிச்சவ்வைக் கிழித்துவிடும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர், எண்ணுதல் இயல்பே. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்து ரை யங் என்பாரும் அவர் மாணாக்கரும் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது. ஆர்-இஸட், ஆர்-இஸட்-1 என லாம்டாவிற்கு மேலும் இரண்டு மரபணுக்கள் உண்டு. அவை பழுதுபட்ட இடத்து, துளைப்பியும் எண்டோலைசினும் தத்தம் தொழிலை முடித்த பின்னும் பாக்டீரியம் உடைவதில்லை. கோலாக இருந்தது உருண்டையாகித் திரள்கிறது, அவ்வளவே. பேஜ்கள் உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கின்றன. குழாயை அசைத்துக் குலுக்கினால் உடையும். அசையாது வைப்பின் உருண்டையாகவே நிற்கும். எனவே வெளிச்சவ்வும் தனக்கென ஒரு கருவியை வேண்டும் மதிலே என்பது தெளிவாயிற்று.

அக்கருவியின் அமைப்பு இது. ஆர்-இஸட் புரதத்தின் ஒரு முனை உட்சவ்வில் ஊன்றியுள்ளது. ஆர்-இஸட்-1 புரதம் வெளிச்சவ்வில் ஊன்றியுள்ளது. இரண்டும் மியூரீன் வலையின் கண்களினூடே கைநீட்டிப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. வலை இருக்குங்காறும் அவை அசைய வழியில்லை. எண்டோலைசின் வலையை அகற்றியவுடன், அவை ஒன்று திரண்டு இரு சவ்வுகளையும் தம்முள் நெருங்க இழுத்து ஒன்றோடொன்று இணைத்துவிடுகின்றன; இணைந்த இடம் வாயிலாகிறது. ஒரு மதில் வீழ்ந்ததே மறுமதிலை வீழ்த்தும் பொறிக்கு விசையாகும் நயம் உன்னற்பாலது.

இலக்கணம் பயில்வார்க்கு இங்கே மற்றுமொரு விருந்துண்டு. ஆர்-இஸட்-1 மரபணுவுக்குத் தனி இடம் இல்லை. அது முழுவதும் ஆர்-இஸட் மரபணுவின் உள்ளேயே அடங்கியுள்ளது. டி.என்.ஏ. எழுத்துகளை மும்மூன்றாகப் பிரித்துப் படிப்பது உயிரின் வழக்கம். பிரிக்கத் தொடங்கும் இடத்தை ஓரெழுத்துத் தள்ளி வைத்தால், அதே எழுத்துவரிசை வேறு பொருள் தரும். வேங்கை என்னும் சொல்லைப் பிரியாது நோக்கின் மரமோ புலியோ ஆகும். வேம் கை எனப் பிரித்தால் வேகின்ற கையாகும். இதனை நாம் பொதுமொழி என்று கற்கிறோம். நம் புலவர் சிலேடைக்கு இம்முறையைப் பெரிதும் ஆண்டனர். புலவர் சொல்லின்பம் கருதிச் செய்ததனை, இடநெருக்கடி காரணமாக இவ்வைரஸ் செய்துகொண்டது போலும்.

இனி, காலத்தைப் பற்றிய கேள்விக்கு மீள்வோம். உரிய நேரம் என்றோம், உரிமை எதனாலாயது? ஏ. எச். டோர்மன் என்பார், டி4 புகுந்த பாக்டீரியங்களை நேரம் முதிர்வதற்கு முன்னரே செயற்கையாக உடைத்து நோக்கிய ஆராய்ச்சியை 1952-இல் வெளியிட்டார். முதற் பத்து நிமிட அளவில் உள்ளே ஒரு பேஜும் இல்லை. அதன்பின் நிமிடந்தோறும் ஒரே விகிதமாக எண்ணிக்கை ஏறிச்செல்கிறது. எனவே முந்தி உடைத்தால் மக்கள் இல்லை அல்லது சிலரே; பிந்தி உடைத்தால் மக்கள் பலர். அங்ஙனமாயின் இயன்ற மட்டும் பிந்துவதன்றோ அறிவுடைமை? அன்று. உள்ளே காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும், வெளியே உள்ள வேறு பாக்டீரியங்களுட் புகுந்து பெருகும் வாய்ப்பு இழக்கப்படுகிறது. முதலை விரைவில் வட்டிக்கு விடுவோனும், பெருக்கிய பின் விடுவோமென்று பெட்டியிற் பூட்டி வைப்போனும் ஒருங்கு செல்வராவரோ? புறத்தே பாக்டீரியங்கள் மலிந்திருப்பின் விரைதல் நன்று. அரிதாயிருப்பின் பொறுத்தல் நன்று. இங்-நாங் வாங் என்பார் துளைப்பியில் மட்டும் வேறுபட்ட பலவகை லாம்டாக்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, மிக முந்தியதும் மிகப் பிந்தியதும் அன்றி இடைப்பட்ட காலமே வளர்ச்சிக்கு ஏற்றது என 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

டி4 பேஜ் இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. தனித்துப் புகுந்த இடத்து அது அரைமணிக்குள் உடைத்து வெளியேறும். ஆனால், தான் உள்ளே இருக்குங்கால் வேறொரு டி4 வந்து அதே பாக்டீரியத்தின் புறத்தே தாக்குமாயின், உள்ளிருப்பது உடைத்தலை நிறுத்தி வைக்கிறது. மணிக்கணக்காகவும் நிறுத்தி வைக்கும். புறத்தே பேஜ்கள் மலிந்து பாக்டீரியங்கள் அருகிவிட்டன என்பதற்கு அத்தாக்குதலே அடையாளம். அந்நிலையில் வெளியேறிப் பயன் யாது? இவ்வாறு காக்கும் தன்மையை இழந்து விரைந்துடைக்கும் பேஜ்களை ஹெர்ஷி 1946-இல் விளக்கினார். பாக்டீரியப் பரப்பின்மேல் அவை உண்டாக்கும் தெளிந்த வட்டங்கள் பெரியனவாயும் விளிம்பு கூரியனவாயும் இருந்து காட்டிக்கொடுத்துவிடும். வைரஸ் எண்ணுகிறது, கருதுகிறது என்று யான் எழுதுவது சொல் வழக்கே. அதற்கு எண்ணம் இல்லை. எண்ணிறந்த தலைமுறைகளில், காலம் தவறியவை அருகிப்போயின. காலம் வாய்த்தவை எஞ்சின.

இத்துணைக் கருவிகளையும் எல்லாப் பேஜ்களும் சுமந்து செல்வதில்லை. ஃபை-எக்ஸ் 174 என்பது மிகச் சிறியது. அதன் டி.என்.ஏ. முழுவதும் 5386 எழுத்துகளே. பிரெடெரிக் சாங்கரும் அவர் குழுவினரும் 1977-இல் அதனை முற்றும் படித்து வெளியிட்டனர். இச்சிற்றுயிரிடம் துளைப்பியும் இல்லை, எண்டோலைசினும் இல்லை. 91 அமினோ அமிலங்களை உடைய இ என்னும் புரதம் ஒன்றே உண்டு. அதன் மரபணுவும் வேறொரு மரபணுவினுள் வேங்கை போலவே ஒளிந்துள்ளது. அப்புரதம் மதிலை இடிப்பதில்லை; மதில் கட்டும் கொத்தனின் கையைப் பிடித்துக்கொள்கிறது. மியூரீனுக்கு வேண்டும் பொருளை ஆக்கும் நொதியொன்றினை அது தடுத்துவிடுகிறது. பாக்டீரியமோ வளர்வதை நிறுத்துவதில்லை. இரண்டாகப் பிரிய முயலுங்கால், புதுச்சுவர் எழவேண்டிய நடுவிடத்திற் சுவர் இல்லாமையால் அங்கேயே உடைந்துபோகிறது. நாம் நன்கறிந்த பென்சிலின் பாக்டீரியத்தைக் கொல்வதும் இம்முறையை ஒத்ததே. கொத்து வேலையின் வேறொரு படியைத் தடுப்பது அது. மதிலை அறுக்கும் லைசோசைமைக் கண்ட பிளெமிங்கே, மதில் கட்டுதலைத் தடுக்கும் பென்சிலினையும் 1928-இற் கண்டார். மனிதர் மருந்தென்று கைக்கொண்ட வழியைச் சிறு பேஜ் தனக்குரிய வழியாக முன்னரே கொண்டிருந்தது. உடைக்காமலே, மதிலூடே ஒவ்வொன்றாய் நழுவி வெளியேறும் எம்13 முதலிய நூல்வடிவப் பேஜ்களும் உள. அவை நம் பொருளுக்குப் புறம்பு.

பென்சிலினுக்கும் பிற மருந்துகளுக்கும் கட்டுப்படாத பாக்டீரியங்கள் பெருகிவரும் இந்நாளில், இக்கருவிகளை மருத்துவர் நாடுதல் இயல்பே. எண்டோலைசினைப் பிரித்தெடுத்துப் புறத்திருந்து இட்டாலும் அது மியூரீனை அறுக்குமோ? வெளிச்சவ்வு உள்ள பாக்டீரியங்களிடத்து அச்சவ்வு தடையாக நிற்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய வகைகளுக்கோ வெளிச்சவ்வு இல்லை. மியூரீன் வெளிப்படையாகவே உளது. 2001-ஆம் ஆண்டில் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்து வின்சென்ட் பிஷெட்டியின் குழுவினர், சுண்டெலிகளின் வாயிலும் தொண்டையிலும் குடியேறிய ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பேஜின் நொதியொன்றினால் நீக்கிக் காட்டினர். இங்குத் துளைப்பிக்கு வேலையில்லை. கத்தியும் கயிறும் தெருவிலேயே உள்ளன.

காசநோய்க் கிருமியின் இனத்தைச் சார்ந்தவற்றிற்கு மெழுகு போன்ற கொழுப்புறை மேலும் ஒன்றுண்டு. அவற்றைத் தாக்கும் பேஜ்கள் பல, அவ்வுறையைப் பிணைப்பறுக்கத் தனி நொதி ஒன்றைக் கொண்டுள்ளன. மதில் எத்தனையோ, கருவியும் அத்தனை. அவ்வினத்துக் கிருமியொன்று லண்டனில் நுரையீரல் மாற்றுச் சிகிச்சை பெற்ற 15 வயதுப் பெண்ணொருத்தியின் உடலெங்கும் பரவி, மருந்துகள் யாவும் பயனற்றுப் போயின. மருத்துவர், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக் கிரஹாம் ஹாட்புல்லின் துணையை நாடினர். அவருடைய மாணாக்கரும் பிறரும் மண்ணிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் திரட்டி வைத்திருந்த பேஜ்களுள் மூன்று தெரிந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இயல்பாகவே உடைக்கும் திறத்தது. ஏனை இரண்டும், லாம்டாவைப் போலவே, பாக்டீரியத்தினுள் தம் டி.என்.ஏ.யை அதன் டி.என்.ஏ.யோடு பிணைத்து, உடைக்காமல் உறங்கிக் கிடக்கவும் வல்லன. உறங்கும் பேஜினால் நோயாளிக்கு நன்மை இல்லை. ஆதலின் உறக்கத்தைக் காக்கும் மரபணுவை அவ்விரண்டினின்றும் நீக்கிவிட்டனர். புகுந்த இடமெல்லாம் உடைத்தலன்றி அவற்றிற்கு வேறு வழியில்லாது போயிற்று. மூன்றையும் கலந்து அப்பெண்ணின் குருதியிற் செலுத்தினர். மார்பில் ஆறாதிருந்த அறுவைப்புண் மூடியது. கல்லீரலின் தொழில் சீர்பட்டது. தோலில் எழுந்த கட்டிகள் மெல்ல மெல்லக் குறைந்தன. இச்செய்தி 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.